ஆண் பிள்ளைக்கு விதை இறங்கவில்லையா? எப்போது நிபுணரிடம் போவது

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் குளிரில் பிள்ளையின் விதை தானாகவே மேலே ஏறிக்கொள்ளும், அதனால் இளஞ்சூடான தண்ணீரில் குளிப்பாட்டியவுடன், உங்கள் கையையும் சூடாக்கிக்கொண்டு, விதைப்பையை மெதுவாகத் தடவிப் பாருங்கள். இரண்டும் தட்டுப்பட்டால் சரி. ஒன்று இல்லாவிட்டால் மிட்வைஃபிடம் சொல்லி கிளினிக் கொப்பியில் எழுத வையுங்கள். முதல் சில மாதங்களில் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். 6 மாதமாகியும் இறங்காவிட்டால், பேராதனை சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்தில் குழந்தைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டக் கடிதம் கேளுங்கள் (குறைமாதப் பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கு). "வளர்ந்தா சரியாயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், ஒன்றரை வயதுக்குள் சத்திரசிகிச்சை முடிந்தால் பிற்காலத்தில் மலட்டுத்தன்மையும் புற்றுநோயும் வரும் ஆபத்து குறையும். பிறந்தபோதே இரண்டும் தட்டுப்படவில்லை என்றாலோ, கூடவே மூத்திரத் துவாரமும் இடம் மாறியிருந்தாலோ, உடனே காட்டுங்கள். கவட்டில் திடீர் வீக்கம், விடாத அழுகை, வாந்தி என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.