இரண்டு பேர் செய்யும் முதல் அல்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் கிற்றாரும் குரலும், மற்றவர் லப்டொப்பும் கீபோர்ட்டும். கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் எலெக்ட்ரோனிக் இசையையும் ஓல்டர்நேட்டிவ் றொக்கையும் கலந்து முதல் அல்பம் செய்ய வெளிக்கிடும் பிள்ளைகள் இப்படித்தான் சேருகிறார்கள். அவர்களுடைய பாட்டுகளில் எனக்கு முதலில் கேட்பது ஒரு பயம். இரண்டு பேர்தானே என்று சனம் நினைத்துவிடுமோ என்கிற பயம். அதனால் ஒரே பாட்டுக்குள் அறுபது எழுபது ட்ராக் ஏற்றிவிடுகிறார்கள். கிற்றாரை நாலு தரம் அடுக்கி, அதன்மேல் மூன்று சின்த் (கீபோர்ட்டில் எழுப்பும் மின்னொலி), அதற்கும் மேலே குரலின் எதிரொலி. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கிறது.

பதிவுக்கு முதல் ஒருநாள் இருந்து கதையுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் பல்லவியை யார் தூக்குகிறார், சரணத்தில் யார் ஒதுங்கி நிற்கிறார்? கிற்றார் டிஸ்டோர்ஷனோடு முழுதாக விரியும் இடத்தில் சின்த்துக்கு ஒரே ஒரு நீண்ட சுரம் காணும். சின்த் ஓடும் இடத்தில் கிற்றார் வாயை மூடிக்கொள்ளலாம்.

அடியொலியில் இந்தச் சண்டை இன்னும் மோசமாகும். கிற்றாரின் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. எலெக்ட்ரோனிக் கிக் டிரம் பெரும்பாலும் 50, 60 ஹேர்ட்ஸ் அளவில் இடிக்கும். சின்த் பேஸும் அதற்குள்தான் வந்து நிற்கும். மூன்றும் ஒன்றாக வந்தால் தெளிவு போய்ச் சேறாகிவிடும். கிற்றாரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கிக் விழும் கணத்தில் பேஸ் கொஞ்சம் தணியும்படி சைட்செயின் போடுங்கள். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சாதாரண போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அடியொலியை அநேகமாகத் தராது. அப்போதும் பேஸ் எங்கே நகர்கிறது என்று காது பிடித்தால் சரி. ஏ9 வீதியில் ஓடும் பஸ்ஸுக்குள்ளும் ஒருதரம் கேளுங்கள். உங்கள் பாட்டைச் சனம் கேட்கப்போவது அங்கேதான்.

வீட்டில் பதிவு செய்பவர்களை அலைக்கழிப்பது இரைச்சல். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் கிற்றார் பிக்கப்பில் 50, 100, 150 என்று ஒரு முனகல் ஏறும். சார்ஜரைக் கழற்றி லப்டொப்பை பற்றரியில் ஓடவிட்டு, கிற்றாரோடு கொஞ்சம் திரும்பி இருந்து பாருங்கள். பல நேரம் பாதி அடங்கிவிடும். முனகலைப் போக்க எர்த் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பியில் கை, மைக்கில் வாய் வைத்திருக்கும் ஆளுக்கு அது உயிராபத்து.

தகரக் கூரைக்குக் கீழே மழைக்காலத்தில் குரல் பதிய முடியாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பீட், சின்த் வேலைகளை வைத்துக்கொண்டு, குரலை மழை விட்ட பிறகு எடுங்கள். காலபோக அறுவடை முடிந்து நெல்மூட்டை அடுக்கிய அறை இருந்தால் அதற்குள் ஒருதரம் கை தட்டிப் பாருங்கள். வெறும் சீமெந்துச் சுவரில் கிடைக்காத அடக்கம் அங்கே கிடைக்கும்.

தாளம் பிந்துகிறது என்று கிற்றார்காரரைக் குறைசொல்ல முதல் பஃபர் அளவைப் பாருங்கள், அதாவது லப்டொப் ஒரு தரத்தில் சேர்த்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை. 1024 என்று இருந்தால், செக்கனுக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் ஒரு வழிக்கே 23 மில்லிசெக்கன் போய்விடும். ஸ்பீக்கருக்கு எட்டு மீற்றர் தள்ளி நின்று வாசிப்பதுபோல இருக்கும். பதியும்போது 128, கலக்கும்போது மட்டும் 1024.

இனி எனக்கு நெஞ்சில் கிடக்கும் ஒரு விஷயம். எலெக்ட்ரோனிக் இசையில் ஒரு பழகிய உத்தி உண்டு: கீச்சென்று ஏறும் ஒலி, பிறகு ஒரு கணம் அமைதி, பிறகு அடிவயிற்றில் இடி. றைசர், ட்ரொப் என்பார்கள். வேறு ஊரில் அது ஆடச்சொல்லும் அழைப்பு. 2009இல் பங்கருக்குள் இருந்தவர்களுக்கு அது ஷெல் வரும் ஒலி. முல்லைத்தீவில் ஒரு சின்ன நிகழ்ச்சியில் அந்த ஒலி ஏறியதும், பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்துப் பிள்ளையை இழுத்து அணைத்ததைப் பார்த்தேன். அந்த உத்தியே கூடாது என்று நான் சொல்லவில்லை. போரைப் பற்றிய பாட்டென்றால் அதை அறிந்தே வையுங்கள். காதல் பாட்டுக்குள் வெறும் பழக்கத்தில் வையாதீர்கள். துவக்குச் சத்தத்தையும் கிபிர் போர்விமானத்தின் இரைச்சலையும் இணையத்தில் எடுத்து ‘சூழல்’ என்று ஒட்டுவது அதைவிடப் பெரிய பிழை. நம்முடைய சனத்தின் காது அந்த ஒலிகளை இன்னும் மறக்கவில்லை.

பறையையும் உடுக்கையும் இரண்டு செக்கன் துண்டாக வெட்டி, நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகக் கட்டத்துக்குள் திணிப்பதும் இதே கவனக்குறைவுதான். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மத்தளம் கடிகாரத்தோடு ஓடுவதில்லை. ஆட்டக்காரரின் காலோடு மூச்சுவிட்டு ஓடும். கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாரிடம் போங்கள். அவர் முழுதாக வாசிப்பதைப் பதிந்துகொண்டு, அவருடைய வேகத்துக்கு லப்டொப்பின் டெம்போவை வளையுங்கள். அவருக்குச் சம்பளமும் கொடுத்து, பெயரையும் போடுங்கள்.

சத்தத்தை முறுக்குவதில் பயன் இல்லை. ஸ்பொட்டிஃபை பாட்டுகளை ஏறக்குறைய மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. மைனஸ் 6இல் நசுக்கி அனுப்பினால் அது எட்டு டெசிபல் குறைத்துவிடும். நசுங்கிய டிரம்ஸ்தான் மிஞ்சும்.

பங்கை எழுதி வையுங்கள். சிநேகிதர்கள் என்பதால் எழுதாமல் விடுவது வழமை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இருவர் சேர்ந்து ஆக்கியதன் உரிமை, இருவரில் கடைசியாக இருப்பவர் இறந்த பிறகும் 70 ஆண்டு நீடிக்கும். பேரப்பிள்ளைகள் காலம் வரை போகிற ஒன்று. பாட்டு முடிந்த அன்றே வரி யாருடையது, மெட்டு யாருடையது, பீட் யாருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். இணையத்தில் வாங்கிய பீட் என்றால், விற்றவருக்கு அதை இன்னும் எத்தனை பேருக்கும் விற்க உரிமை இருக்கிறதா என்று நிபந்தனையை வாசியுங்கள்.

மேடையில் இசைக்க முடியாத பாட்டை அல்பத்தில் சேர்க்க முதல் ஒரு சோதனை செய்யுங்கள். லப்டொப்பை மூடிவிட்டு, ஒரு கிற்றாரும் ஒரு குரலுமாக முற்றத்தில் பாடிப் பாருங்கள். நின்றால் சேருங்கள். நிற்காவிட்டால் மெட்டில்தான் இன்னும் வேலை இருக்கிறது, ட்ராக்கில் இல்லை. நிகழ்ச்சிக்குப் போகும்போது பின்னணி இசையை ஒரு போனிலும் ஏற்றி, வயரோடு கொண்டுபோங்கள். நடுப்பாட்டில் கரண்ட் போய் ஜெனரேற்றர் ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நிமிடத்தில் கிற்றார்காரர் வாசிப்பை நிறுத்தாமல் இருக்கவும் பழகிக்கொள்ளுங்கள்.