மழை வந்தால் விழும் சுவிட்சைக் கழற்றாதீர்கள்: வீட்டு வயரிங்கில் நடக்கும் தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய ஊர்களில் இருபது வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் மழை இறங்கியதும் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே புகாராக இருக்கும். "தம்பி, மழை பேஞ்சாப் போதும், மெயினு விழுந்துக்குது. பேசாம அதக் கழட்டி உட்டுட்டு டைரக்டாக் குடுத்துருங்க." அவர்கள் கழற்றச் சொல்வது ஆர்.சி.சி.பி.யை, அதாவது கரண்ட் ஒழுகினால் லைனைத் தானாக வெட்டும் சுவிட்சை. பழைய பழக்கத்தில் இன்னும் பலர் ஈ.எல்.சி.பி. என்பார்கள். இந்த ஒரு வேலையை மட்டும் யார் கேட்டாலும் நான் செய்வதில்லை. சொந்தக்காரர் முகம் சுளித்தாலும் சரி.

வீட்டு லைன்களைப் பிரித்துவிடும் டி.பி. பெட்டியைத் திறந்தால் வரிசையாக நிற்கும் சின்ன சுவிட்சுகள் எம்.சி.பி. அவற்றின் வேலை ஒயரைக் காப்பது. ஒயர் தாங்குவதற்கு மேல் கரண்ட் ஓடினாலோ, ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்டாலோ இறங்கும். ஆனால் ஷாக் அடிக்கும்போது ஒருவர் உடம்பு வழியே ஓடும் கரண்ட் மிகக் குறைவு. 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாகப் போனாலே இதயத் துடிப்பு குழம்பி ஆளைக் கொல்லும். 230 வோல்ட்டில் அது 23 வாட், ஒரு சின்ன பல்பு எரியும் அளவு. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையவே அசையாது. "எங்க வீட்ல எல்லாம் எம்.சி.பி. போட்டாச்சு, ஷாக் பயமில்ல" என்று நிம்மதியாகச் சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறும்.

ஆர்.சி.சி.பி. வேறு கணக்குப் பார்க்கிறது. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். இடையில் யாராவது உடம்பு வழியாகவோ, ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்கு ஒழுகினால், திரும்பி வருவது குறையும். வீடுகளுக்கானதில் அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.3 நொடிக்குள் வெட்டிவிட வேண்டும். மழைக்கு அது விழுகிறது என்றால், உங்கள் வீட்டில் எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது. கழற்றினால் ஒழுகல் நிற்காது, அதைச் சொல்லும் வாய் மட்டும் அடைபடும்.

ஆர்.சி.சி.பி.யால் ஆகாததும் ஒன்று உண்டு. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்தால், போனது அப்படியே திரும்பி வருவதால் அதற்குத் தெரியாது. அது இருக்கிறதே என்று லைனை அணைக்காமல் ஹோல்டரைக் கழற்றக் கூடாது.

"எர்த் போட்டிருக்கோமே, போதாதா?"

அடுத்து வரும் கேள்வி இது. போதாது. சித்தூர் தாலுகாவில் எங்கள் பக்கம் பல இடங்களில் கரிசல் மண். மழைக்காலத்தில் ஈரம் பிடித்து நிற்கும், மார்ச் ஏப்ரலில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் பைப்பைச் சுற்றி இருக்கும் மண் காய்ந்துவிட்டால் அதன் மின்தடை ஏறிவிடும். வீட்டு எர்த்தின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வாஷிங் மெஷினுக்குள் ஃபேஸ் ஒயர் உரசி மெஷின் உடம்பைத் தொட்டால், எர்த் வழியாக ஓடக்கூடியது அதிகம் போனால் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே இறங்காது. உள்ளே சூடேறித்தான் இறங்கும், சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். அதுவரை மெஷின் உடம்பு முழுக்க கரண்டோடு நிற்கும். ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்த உரசல் நடந்த நொடியிலேயே இறங்கிவிடும், யாரும் போய்த் தொட வேண்டியதில்லை. எர்த்தும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். வெயில் காலத்தில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் இதற்காகத்தான்.

எங்கள் அக்கா வீட்டில் மெஷினைத் தொட்டால் சுருக் சுருக்கென்று இருக்கிறது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். செருப்புப் போட்டுக்கொண்டு துவைத்தாள். நானும் "வந்து பாக்கறேங்க்கா" என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் போய் பிளக் பாயிண்டைக் கழற்றினால், பச்சை ஒயர் சுவருக்குள் இருந்து வந்து எதிலும் மாட்டாமல் சுருண்டு கிடந்தது. மூன்று ஓட்டை இருந்ததால் எர்த் இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவள் பிழைத்தது அந்த ரப்பர் செருப்பால். அன்றிலிருந்து புது வீட்டுக்குப் போனால் முதலில் நான் பார்ப்பது ஒவ்வொரு பாயிண்டிலும் எர்த் உண்மையில் வருகிறதா என்பதைத்தான்.

ஒழுகலை எப்படிக் கண்டுபிடிப்பது

முதலில் எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக எம்.சி.பி.யை ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். மழைக்கால ஒழுகல் பெரும்பாலும் கேட் விளக்கு, மொட்டை மாடி பாயிண்ட், மோட்டார் ஒயர், தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் இவற்றில்தான் இருக்கும். கேட் விளக்குப் பெட்டிக்குள் எறும்புப் புற்றும் தண்ணீரும் சேர்ந்திருப்பதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

எல்லாம் இறக்கிய பிறகும் விழுகிறதா? சாதாரண ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே வெட்டும், நியூட்ரல் தொடர்ந்து இணைந்தே இருக்கும். சுவருக்குள் எங்கேயாவது நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்போதும் விழலாம். அதை வீட்டுக்காரர் தேட முடியாது, மெக்கர் (ஒயரில் ஒழுகல் இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்கள் ஆட்கள் செய்யும் தவறையும் சொல்ல வேண்டும். ஒரு சுவிட்ச் பாக்ஸில் ஃபேஸ் ஒரு லைனில் இருந்தும், நியூட்ரல் பக்கத்தில் கைக்குக் கிடைத்த வேறு லைனில் இருந்தும் எடுப்பது. விளக்கு எரியும், அதனால் யாருக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் அந்த வீட்டில் இரண்டு ஆர்.சி.சி.பி. பிரித்துப் போட்டாலோ, இன்வெர்ட்டர் வைத்தாலோ காரணமில்லாமல் விழ ஆரம்பிக்கும். அப்போது வருகிறவர் "சாமான் சரியில்ல" என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார். இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரலைத் தனியாக இழுங்கள். இன்னொன்று, கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது மின்சாரம் புறப்படும் இடமே மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி. இன்வெர்ட்டர் லைனையும் காக்கும் என்று நம்பி எதையும் தொடாதீர்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'T' என்று ஒரு சின்ன டெஸ்ட் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

மற்ற தவறுகள்

ஒயர் கனம். லைட் லைனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் டி.பி.யில் இருந்து தனியாக 4. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் பிளாஸ்டிக் உருகும். எம்.சி.பி. அடிக்கடி இறங்குகிறது என்று ஒயரை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய எம்.சி.பி. போடுவதும் இதே ரகம், அடுத்தது சுவருக்குள் ஒயர் எரிவதுதான்.

எல்லையில் மட்டும் நடக்கும் ஒன்று. பொள்ளாச்சிப் பக்கம் இருந்து ஆட்கள் வந்து வயரிங் முடித்துவிட்டு, கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) இணைப்புக்கான தாளில் கேரள உரிமம் உள்ள ஒருவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக் கொடுப்பது. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போனாலும் இதே கதை. வேலை செய்தவர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்டவர் எர்த்தை அளந்து பார்த்தாரா? உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மாடி எடுக்கும்போது மேலே போகும் லைனை அண்ணாந்து பாருங்கள். 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனுக்கும் கட்டடத்துக்கும் மேல்வாக்கில் 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். வீடுகளுக்கு வரும் சாதாரண லைனுக்கு மேல்வாக்கில் 2.5 மீட்டர், பக்கவாட்டில் அதே 1.2. இடைவெளி பற்றாது என்றால் கம்பி கட்டும் முன்பே மின்வாரியத்துக்கு எழுதி லைனை நகர்த்தச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் நின்றுகொண்டு மாங்காயும் தேங்காயும் பறிக்க இரும்புத் தொரட்டியைத் தூக்காதீர்கள். கேரளத்தில் தோட்டி என்பார்கள், பெயர் எதுவானாலும் இரும்புக் குழாய்தான், ஒவ்வொரு வருஷமும் ஆள் போகிறது. லைன் பக்கத்தில் மரம் இருந்தால் மூங்கிலும் வேண்டாம், ஈர மூங்கில் கரண்டைக் கடத்தும். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், யாரையும் போக விடாமல் 1912-க்கு அடியுங்கள்.

ஜெனரேட்டர் ஒயரின் இரண்டு பக்கமும் பிளக் வைத்து சுவரில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்கு ஏறி, கம்பத்தின் மேல் நிற்கும் லைன்மேனைக் கொல்லும். மின்வாரிய லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டால் மட்டுமே ஜெனரேட்டர் வையுங்கள்.

கடைசியாக மெயின் பெட்டி. தோப்பு வைத்திருப்பவர்கள் வீட்டில் அதற்கு முன்னால் தேங்காய் மூட்டை, ஏணி, பழைய கட்டில் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒருவர் ஷாக்கில் மாட்டினால் அவரைத் தொடாமல் மெயினை இறக்குவதுதான் முதல் வேலை. மெயின் எட்டவில்லை என்றால் காய்ந்த கட்டையால் தள்ளிவிட்டு, 108-க்குச் சொல்லி, மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் எட்டும்படி அந்த வழி காலியாக இருக்கட்டும். வேலை முடித்துக் கிளம்பும்போது வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு ஒவ்வொருவரையும் ஒரு தடவை மெயினை இறக்கி ஏற்றச் சொல்வேன், பாட்டி உட்பட.