கோலாலம்பூர் வெக்கையில் ஒரு டெஸ்க்டாப்: தண்ணீர்க் குளிரூட்டலை வீட்டிலேயே அமைக்கும் முறை

செந்தூலில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் என் அறை மேற்குப் பார்த்தது. மதியம் மூன்று மணிக்கு மேல் அறைக்குள்ளேயே 32, 33 டிகிரி இருக்கும். அந்த நேரத்தில் கல்யாண வீடியோ ஒன்றை ரெண்டர் போட்டால் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றுவது) கணினியின் மூளையான சிபியு 95 டிகிரிக்கு ஏறிவிடும். விசிறி ஓயாமல் இரையும். கொஞ்ச நேரத்தில் சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் இழுக்கும். அதற்காகத்தான் தண்ணீர்க் குளிரூட்டலைக் கையால் கட்டினேன். முதன்முதலாகச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வெறுமனே சூடு குறைந்தால் போதும் என்பவர்கள், தண்ணீர் அடைத்து மூடிய ரெடிமேட் கூலரை வாங்கி மாட்டிவிடலாம். அதில் பம்ப் போனால் பெரும்பாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். நாமே கட்டியதில் எந்தப் பாகம் கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம், தண்ணீரை மாற்றலாம், பிறகு கிராஃபிக்ஸ் கார்டையும் அதே சுற்றில் சேர்க்கலாம்.

தண்ணீர் என்ன செய்கிறது

சிபியுவின் மேல் உட்காரும் செம்புத் தட்டு சூட்டை வாங்கித் தண்ணீரிடம் கொடுக்கும். பம்ப் அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே விசிறி அடிக்கும் காற்றில் சூடு வெளியேறும். கார் எஞ்சினில் நடப்பதும் இதேதான். ஆக, கடைசியில் சூட்டை வாங்கிக்கொள்வது உங்கள் அறைக் காற்று. அறை 32 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே போகவே போகாது.

நான் இதைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான்: "அண்ணே, தொட்டியில ஐஸ் போட்டா இன்னும் நல்லா இருக்கும்ல?" நல்ல கேள்வி. மேசையில் தே ஓ ஐஸ் (பால் சேர்க்காத ஐஸ் டீ) வைத்தால் ஐந்து நிமிடத்தில் கிளாஸின் வெளிப்பக்கம் நீர் கோத்துக்கொள்கிறது அல்லவா? நம் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பொருளின் மேலும் அந்த ஈரம் நீராகப் படியும். ஐஸ் போட்டால் ட்யூபும் செம்புத் தட்டும் அந்த கிளாஸ் போலவே வியர்த்து மதர்போர்டில் சொட்டும். ஐஸ் வேண்டவே வேண்டாம்.

வாங்க வேண்டியவை

வாட்டர் பிளாக் (சிபியுவின் மேல் உட்காரும் அந்தச் செம்புத் தட்டு), ரேடியேட்டர், அதற்கு விசிறிகள், பம்ப், தண்ணீர்த் தொட்டி, ட்யூப், ட்யூபைப் பாகங்களோடு இணைக்கும் ஃபிட்டிங்குகள், சிபியுவுக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட், காய்ச்சி வடித்த தண்ணீர். புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் கணினிப் பாகங்களை நேரில் பார்த்து வாங்கலாம். வயர், கனெக்டர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு நான் புடுவில் ஜாலான் பசார் பக்கம் போவேன்.

இதில் ரேடியேட்டர்தான் முக்கியம். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவற்றில் நிறைய அலுமினியம். வாட்டர் பிளாக்கோ செம்பு. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். என் முதல் ரேடியேட்டர் அப்படித்தான் போனது. ஐந்தாவது மாதம் தண்ணீர் கலங்கலாகி, வெள்ளைத் துகள்கள் பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் அடைத்துக்கொண்டன. விற்பனைப் பக்கத்தில் என்ன உலோகம் என்று ஒரு வார்த்தை இல்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். செம்பு, பித்தளை என்று தெளிவாகப் பதில் வந்தால் வாங்குங்கள். சிபியுவுக்கு மட்டும் என்றால் இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறி பிடிக்கும் 240 அளவு தாராளம். கேசிங்கில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பம்புக்கு மீன் தொட்டிப் பம்பைப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். வீட்டு மின்சாரம் 230, 240 வோல்ட், அதைத் தண்ணீருக்குள் இறக்குகிறோம். தவிர, பம்ப் சுவிட்சைப் போட மறந்து கணினியை மட்டும் போட்டால் சிபியு சூட்டில் தவிக்கும். பவர் சப்ளையிலிருந்தே ஓடும் 12 வோல்ட் பம்ப் என்றால் கணினியோடு சேர்ந்தே ஓடத் தொடங்கும். இந்த இடத்தில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாட்டர் பிளாக் உங்கள் சாக்கெட்டுக்கு, அதாவது மதர்போர்டில் சிபியு உட்காரும் இடத்துக்கு, பொருந்த வேண்டும். இன்டெல் சாக்கெட்டுகளில் எல்ஜிஏ 1700க்கும் அதற்கு முந்திய எல்ஜிஏ 1200க்கும் திருகுத் துளைகளின் இடைவெளியே வேறு. ஃபிட்டிங்குகள் பெரும்பாலும் ஜி 1/4 மரை. ட்யூபின் உள் விட்டமும் வெளி விட்டமும் ஃபிட்டிங்கில் போட்டிருக்கும் அளவோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும்: 10/13 ஃபிட்டிங்குக்கு 10/16 ட்யூப் சேராது.

குழாய்த் தண்ணீரில் உப்புகள் உண்டு, படியும். புட்டியில் 'ஆயர் சூலிங்' (காய்ச்சி வடித்த தண்ணீருக்கு மலாய்ப் பெயர்) என்று போட்ட தண்ணீரையே வாங்குங்கள். அதோடு பாசி பிடிக்காமலிருக்க உயிர்க்கொல்லி மருந்து சில துளிகள், புட்டியில் சொன்ன அளவுக்கு.

பொருத்துவது

புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்த மிச்சமும் தூசியும் இருக்கும். வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை நான்கைந்து முறை செய்யலாம்.

சிபியுவில் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, பிளாக்கை உட்கார்த்தித் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரேடியேட்டரைக் கேசிங்கின் மேல்பக்கம், காற்று வெளியே போகும்படி மாட்டினேன்.

எந்தப் பாகத்துக்குப் பின் எது என்று பலர் குழம்புவார்கள். கணக்கு போட்டால் குழப்பம் தீரும். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் தண்ணீரின் சூட்டை 1 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 70 வாட் வேண்டும். 140 வாட் சிபியு, நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டம் என்றால், பிளாக்குக்குள் போகும் தண்ணீருக்கும் வெளிவரும் தண்ணீருக்கும் ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம். அதனால் வரிசையைப் பற்றிக் கவலை வேண்டாம், ட்யூபின் நீளம் குறையும் வழியே நல்லது. ஒரு விதி மட்டும் உண்டு: தொட்டி பம்புக்கு மேலே இருந்து, தண்ணீர் நேராகப் பம்புக்குள் இறங்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப் கெட்டுவிடும். பிளாக்கில் உள்ளே போகும் துளை எது என்று குறித்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.

ட்யூபைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டுங்கள். அளந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் கூட வைத்து வெட்டினால், நீளமாகத் தெரிந்தால் நறுக்கிக்கொள்ளலாம். நுனியைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் வைத்தால் இளகி, ஃபிட்டிங்கில் சுலபமாக ஏறும். வளைவில் மடிப்பு விழக்கூடாது. ஃபிட்டிங்குகளைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டால் உள்ளே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) நசுங்கும்.

தண்ணீர் ஊற்றி ஒரு நாள் பார்ப்பது

இங்கே அவசரப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாவற்றுக்கும் போகும் பவர் வயர்களைக் கழற்றிவிடுங்கள். பவர் சப்ளையில் பம்ப் மட்டும் இருக்கட்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மதர்போர்டிலிருந்து கழற்றிய 24 பின் கனெக்டரில் மாட்டும் சின்ன ஜம்பரைப் (இணைப்புத் துண்டு) போட்டால், பிறகு சுவிட்சைப் போடும்போது மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளை ஓடும்.

ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ விரியுங்கள். தொட்டியை நிரப்பி, சுவிட்சை இரண்டு மூன்று விநாடி போட்டு அணையுங்கள். தண்ணீர் இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். சுற்று முழுக்க நிறைந்ததும் தொடர்ந்து ஓடவிட்டு, கேசிங்கை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்தால் காற்றுக் குமிழ்கள் தொட்டிக்கு வந்து சேரும்.

அப்புறம் 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். எனக்கு ஒன்பதாவது மணி நேரத்தில், பிளாக்குக்கு நேர் கீழே டிஷ்யூவில் ஐந்து காசு அளவுக்கு ஈரம் தெரிந்தது. ஓ-ரிங் ஒன்று பள்ளத்தை விட்டு விலகியிருந்தது. அன்றைக்கே மதர்போர்டுக்குப் பவர் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். காய்ச்சி வடித்த தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் ரேடியேட்டரையும் செம்பையும் சுற்றி வந்த தண்ணீர் அவ்வளவு தூய்மையாக இருக்காது. தண்ணீரை வடித்து, ஓ-ரிங்கைச் சரிசெய்து, போர்டை இரண்டு நாள் விசிறிக் காற்றில் காயவைத்து, மறுபடி முழு 24 மணி நேரமும் பார்த்தேன்.

ஓட்டிப் பார்ப்பது

வயர்களை மாட்டும்போது பம்பின் வேகம் காட்டும் வயரை மதர்போர்டின் சிபியு விசிறி இணைப்பில் செருகுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பல போர்டுகள் விசிறி ஓடவில்லை என்று நின்றுவிடும். பம்ப் நின்றாலும் இதன் வழியாகவே உங்களுக்குத் தெரியவரும்.

சூட்டைப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருள் போதும். கனமான வேலை ஒன்றைக் கொடுத்து அரை மணி நேரமாவது விடுங்கள். தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், முதல் ஐந்து நிமிட எண்ணை நம்பக்கூடாது. அறை வெப்பத்தையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். அதே 32 டிகிரி மதியத்தில், அதே ரெண்டருக்கு, எனக்கு 95 இருந்தது 77க்கு வந்தது. வேகம் குறையவில்லை. விசிறிச் சத்தம் அடங்கி, பக்கத்து அறையில் அம்மா தூங்க முடிகிறது.

புகைமூட்டக் காலத்தில் ரேடியேட்டர் இதழ்களில் தூசி சீக்கிரம் அடையும், மாதம் ஒருமுறை பிரஷ் போடுங்கள். தண்ணீரை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள். தொட்டியில் நீர்மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வைப்பது நல்லது. முதல் இரண்டு வாரத்தில் சில மில்லிமீட்டர் இறங்கினால் பயப்பட வேண்டாம், மிச்சமிருந்த காற்று வெளியேறுகிறது. அதற்குப் பிறகும் விடாமல் இறங்கினால் கணினியை அணைத்துவிட்டு, ஃபிட்டிங் ஒவ்வொன்றையும் டிஷ்யூவால் தொட்டுப் பாருங்கள்.