திருத்தக்கூடிய கம்பளிச் சட்டையாகப் பார்த்து வாங்குங்கள்

கடையிலோ சந்தையிலோ ஒரு பின்னல் கம்பளிச் சட்டையைக் கையில் எடுத்தால், முதல் வேலையாக அதைப் புரட்டி உட்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்து நட்சத்திரமும் பூவும் எல்லோர் கண்ணுக்கும் வடிவாகத்தான் இருக்கும். பத்து வருடம் கழித்தும் அந்தச் சட்டை உங்கள் அலுமாரியில் கிடக்குமா என்பது உட்பக்கத்தில்தான் தெரியும்.

போன ஐப்பசியில் என் பெறாமகள் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தாள். வந்த இரண்டாம் கிழமையே, "பெரியம்மா, எந்த சுவெற்றர் வாங்கிறது? 300 குரோணருக்கும் இருக்கு, 4,000க்கும் இருக்கு. எல்லாம் ஒரே பூத்தானே போட்டிருக்கு" என்று கேட்டாள். ஒரு சனிக்கிழமை முழுக்க அவளைக் கூட்டிக்கொண்டு திரிந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நோர்வேக்கு வந்தது 1988 இல். வடக்கே ஃபின்மார்க்கில், போட்ஸ்ஃபியூர் என்ற ஊரில் மீன் தொழிற்சாலை வேலை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அங்கேதான் தொடங்கினோம். என்னோடு மீன் வெட்டும் மேசையில் நின்ற ஒரு வயதான நோர்வேக்காரி, நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, தன் மனுசனுக்குப் பின்னிய சாம்பல் நிறச் சட்டையைக் கொண்டுவந்து தந்தா. முழங்கையில் கொஞ்சம் வேறு சாம்பலில் நூலோடி ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டுப்போட்ட உடுப்பை இன்னொருவருக்குக் கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம் இல்லை. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவவோ அந்த ஒட்டைத்தான் முதலில் காட்டினா, எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கிறது பார் என்று. அந்தச் சட்டை இன்றைக்கும் இருக்கிறது. கை விளிம்பை நான் இரண்டு முறை அவிழ்த்துப் புதிதாகப் பின்னியிருக்கிறேன். இப்போது என் மகன் போடுகிறான்.

அதற்குப் பிறகு ஒஸ்லோவுக்கு மாறி, கையில் கொஞ்சம் காசு வந்த நேரம், பெரிய கடைத்தொகுதி ஒன்றில் சிவப்புப் பூப்போட்ட சட்டை வாங்கினேன். தொட்டால் பஞ்சு மாதிரி. ஒரு குளிர்காலம்தான் தாங்கியது. நெஞ்செல்லாம் உருண்டை உருண்டையாகத் திரண்டு, கழுத்து தொய்ந்து, அக்குளில் தையல் விட்டது. திருத்தலாம் என்று பிரித்தால் நூல் துண்டு துண்டாகக் கையில் வந்தது. அப்போதுதான் உள்ளே இருந்த சீட்டை வாசித்தேன்: 70 சதவீதம் அக்ரிலிக். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் இழை. தோய்க்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத இழைத் துகள் தண்ணீரோடு போகும். சட்டை குப்பைக்குப் போன பிறகும் உக்காது.

ஆகவே சீட்டைக் கட்டாயம் வாசியுங்கள். "100 சதவீதம் ஊல்" என்று இருக்க வேண்டும். ஊல் என்றால் நோர்வே மொழியில் கம்பளி. நோர்வேப் பூ, நோர்வேக் கம்பளி, நோர்வேயில் பின்னியது, இவை மூன்றும் வெவ்வேறு விஷயங்கள் என்பதையும் மனதில் வையுங்கள். பூவை உலகத்தில் எங்கேயும் அச்சடித்ததுபோலப் பின்னிவிடலாம். 1853 இல் தொடங்கிய டெவோல்ட் போன்ற பழைய நோர்வே நிறுவனத்துக்குக்கூட இப்போது தொழிற்சாலை லித்துவேனியாவில் இருக்கிறது. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வாங்குவது நல்லது.

பழைய கைப்பின்னல் சட்டைகளில் சீட்டு இராது. அப்படியானால் உள்ளே தொங்கும் ஒரு சிறு நூலைக் கேட்டு வாங்கி, வீட்டுக் குசினியில் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் தலைமயிர் கருகிய மணம் வரும், சாம்பலை விரலால் நசித்தால் தூளாகும். அக்ரிலிக் உருகிக் கறுத்த மணிபோல இறுகிவிடும்.

சரி, உட்பக்கத்துக்கு வருவோம். மலிவான சட்டைகளில் பின்னிய துணியைச் சாதாரணத் துணிபோல வெட்டி, ஓவர்லொக் மெசினில் அடித்துத் தைத்திருப்பார்கள். நூல் எங்கும் அறுந்திருக்கும். அதை அவிழ்க்கவும் முடியாது, கண்ணி (பின்னல் வளையம்) எடுத்துத் திரும்பப் பின்னவும் முடியாது. நல்ல சட்டையில் துண்டுகளை அளவுக்கே பின்னி, கண்ணியோடு கண்ணி கோத்துச் சேர்த்திருப்பார்கள். நோர்வேயின் பழைய முறையில் பக்கத்தில் தையலே இல்லை. உடலைக் குழாய் மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பின்னி, கை வரும் இடத்தில் மெசினால் நெருக்கமாகத் தையல் ஓட்டி, அப்புறம் நடுவே கத்தரிப்பார்கள். ஆகவே அக்குளில் மட்டும் வெட்டு இருந்தால் பயப்பட வேண்டாம். வெட்டிய விளிம்பை ஒரு பட்டி மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டு நிறத்தில் பின்னும்போது, முன்னால் வராத நிறம் பின்னால் ஓடும். அதனால்தான் இந்தச் சட்டைகள் இரட்டைத் துணிபோலக் கதகதப்பாக இருக்கின்றன. அந்த ஓடும் நூல்கள் குட்டையாக இருக்க வேண்டும். கையைச் சட்டைக் கைக்குள் விட்டு வெளியே எடுங்கள். விரலோ மோதிரமோ கொழுவினால் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் கொழுவும். பிறகு முழங்கையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மற்ற இடத்தைவிட அங்கே வெளிச்சம் கூடுதலாக வந்தால் நூல் தேய்ந்திருக்கிறது. ஓட்டை இன்னும் விழாவிட்டால் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டு வாங்கலாம், ஏனென்றால் தேய்ந்த இடத்தை ஓட்டை விழமுன் நூலோடிப் பலப்படுத்துவது மிகச் சுகம்.

இனி மென்மை. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். கடையில் தொட்டவுடன் மிருதுவாக இருப்பதை எடுத்துவிடுகிறோம். மெரினோ என்ற இனச் செம்மறி ஆட்டின் மயிர் ஏறக்குறைய 17 முதல் 22 மைக்ரோன் தடிப்பு (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தோலுக்குச் சுகம், ஆனால் உரசும் இடத்தில் சீக்கிரம் திரளும், தேயும். நோர்வேயின் வெள்ளை ஆட்டு மயிர் 30 மைக்ரோனுக்கு மேல். தோலில் நேரே பட்டால் குத்தும். அந்தத் தடிப்புத்தான் முழங்கையைக் காப்பாற்றுகிறது. ஸ்பேல்சௌ என்ற பழைய இன ஆட்டுக்கு இரண்டு வகை மயிர்: உள்ளே மிருதுவானது, வெளியே நீளமாகப் பளபளப்பானது. அதில் நூற்ற நூல் கயிறுபோல உறுதி. ஆகவே மென்மையையும் உறுதியையும் சண்டை பிடிக்க விடாமல் பங்கு பிரித்துக் கொடுங்கள். உள்ளே மெல்லிய மெரினோ, மேலே தடித்த நோர்வேக் கம்பளி. நான் ஒஸ்லோவில் பாலர் பாடசாலையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். மழையோ பனியோ ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் வெளியேதான் விளையாடுவார்கள். இரண்டு கம்பளி போட்ட பிள்ளை நனைந்து வந்தாலும் உடம்பு சுடச்சுட இருக்கும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே இழுத்தும் தோலுக்கு ஈரம் காட்டாது. பருத்தி போட்டு வரும் பிள்ளைதான் உதடு நீலமாகி நிற்கும்.

"மெசினில் தோய்க்கலாம்" என்று போட்டிருக்கும் நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பளி மயிரில் செதில்கள் உண்டு. சூட்டிலும் உரசலிலும் அவை ஒன்றோடொன்று கொழுவித்தான் சட்டை சுருங்கிக் கம்பளம் ஆகிறது. சுப்பர்வோஷ் என்னும் முறையில் பெரும்பாலும் குளோரினால் அந்தச் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுக் கொடுப்பார்கள். பிள்ளைகளின் உள்ளுடுப்புக்கு அதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளும் கஞ்சியும் சேறும் படும் உடுப்பு அது. பெரியவர்களின் மேற்சட்டைக்கு அது தேவையில்லை. செதில் இருக்கும் நூலில் ஓட்டை விழுந்தாலும் கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும், கடகடவென்று ஓடாது.

பூவைத் தெரிவுசெய்வது உங்கள் விருப்பம், ஆனாலும் அதன் ஊரைத் தெரிந்துகொண்டு போட்டால் எனக்கு ஒரு சந்தோசம். எட்டு இதழ் நட்சத்திரம் செல்பு என்ற ஊரின் பேரில் வழங்குகிறது. 1857 இல் மாரித் எம்ஸ்டாட் என்ற பெண் கறுப்பு வெள்ளையில் கையுறை பின்னித் தொடங்கிவைத்தா. தெற்கே செத்தஸ்டால் பள்ளத்தாக்கின் சட்டை கறுப்பில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருக்கும். அதன் பெயர் லூசகொஃப்தே. லூஸ் என்றால் பேன், நேரே சொன்னால் பேன் சட்டை! அதன் கீழ்ப்பகுதி வெறும் வெள்ளை. காற்சட்டைக்குள் மறையும் இடத்துக்கு ஏன் சாயத்தை வீணாக்குவான் என்று விட்டிருக்கிறார்கள். பேர்கன் நகரத்தைச் சேர்ந்த ஃபானாவின் சட்டையில் கோடுகளும், ஓரத்தில் சதுரக் கட்டங்களும் வரும்.

நிறத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். முதல் சட்டைக்கு ஆட்டின் இயற்கை நிறங்களையே எடுங்கள்: வெள்ளை, சாம்பல், கறுப்புக்கபிலம். திருத்த நூல் தேடும்போது அவைதான் இலகுவாகப் பொருந்தும். இந்த நாட்டில் அந்த விஷயத்தில் நமக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1888 இல் தொடங்கிய சாண்ட்னெஸ், 1898 இலிருந்து நூற்கும் ஹில்லெஸ்வோக், 1927 இன் ரௌமா ஆகிய ஆலைகள் இன்றும் நூல் விற்கின்றன. என் சாம்பல் சட்டைக்கு சாண்ட்னெஸின் "பேர் கின்ட்" என்ற நூல் பொருந்தியது. 50 கிராம் உருண்டையில் 91 மீற்றர். இரண்டு கை விளிம்புக்கு ஓர் உருண்டை போதும். யாராவது உங்களுக்குப் புதிதாகப் பின்னித் தந்தால் மிச்ச நூலையும் கேட்டு வாங்குங்கள். உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில் நிற எண்ணும் சாய எண்ணும் இருக்கும், அதை எறியாதீர்கள்.

எங்கே வாங்குவது? காசு இருந்தால் ஹூஸ்ஃப்லீடன் கைவினைக் கடைகளில் புதிதாக வாங்கலாம். மூன்று நாலாயிரம் குரோணர் போகும். என் பெறாமகளுக்கு நான் சொன்னது வேறு. இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் வாத்தியக்குழுவுக்குக் காசு சேர்க்க லொப்பெமார்க்கெட் என்ற பழைய சாமான் சந்தை வைப்பார்கள். சந்தை தொடங்கும் நாள் காலையிலேயே கம்பளி மேசைக்குப் போங்கள். ரட்சணிய சேனையின் ஃப்ரெத்தெக்ஸ் கடைகளிலும் கிடைக்கும். அவளுக்கு அப்படித்தான் ஃபானாச் சட்டை ஒன்று 200 குரோணருக்குக் கிடைத்தது. வெள்ளீயக் கொழுவிகள்கூட அப்படியே இருந்தன. சூழலுக்கும் இதுதான் நல்லது. ஆடு பூமியைச் சூடாக்கும் மீதேன் வாயுவை விடும் மிருகம், கம்பளி சும்மா வருவதில்லை. நாலு தரம் போட்டுவிட்டு மூலையில் போட்டால் கம்பளி என்பதில் ஒரு புண்ணியமும் இல்லை. ஏற்கெனவே பின்னியதை இன்னும் முப்பது வருடம் போடுவதில்தான் லாபம். புதிய மெரினோ வாங்கினால், குட்டி ஆட்டின் வால்பக்கத் தோலை வெட்டும் மியூல்சிங் இல்லாத கம்பளியா என்று கேளுங்கள். நியூசிலாந்து அதை 2018 இல் தடை செய்துவிட்டது. நோர்வே ஆட்டுக்கு அது தேவையே இல்லை.

அளவை உள்ளே ஒரு சட்டை போட்டுக்கொண்டு பாருங்கள். கை நீளம் கூடினால் பரவாயில்லை, விளிம்பை அவிழ்த்துக் குறைக்கலாம். தோள் அளவு பிழைத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வாங்கிய பிறகு அடிக்கடி தோய்க்காதீர்கள். ஈரக்காற்று உள்ள இரவில் பல்கனியில் காற்றாட விட்டால் மணம் போய்விடும். நான் மேற்சட்டையைக் குளிர்காலத்துக்கு ஒரு தரம்தான் தோய்ப்பேன்: 30 பாகையில், மெசினின் கம்பளிச் சுற்றில், கம்பளிக்கான சவர்க்காரத்தில். சாதாரணத் தூளில் புரதத்தைக் கரைக்கும் நொதி இருக்கும், கம்பளியும் புரதம்தானே. இங்கே அந்தச் சவர்க்காரத்தின் பெயர் மைலோ. எங்கள் பிள்ளைப் பருவத்தில் குடித்த மைலோ வேறு, போத்தலைப் பார்த்து வாங்குங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், துவாய் மேல் விரித்து வையுங்கள்.

சந்தையில் வாங்கியதை அலுமாரிக்குள் வைக்கமுன் பையில் கட்டி இரண்டு கிழமை ஃப்ரீசரில், −18 பாகையில், வைத்து எடுங்கள். பூச்சி முட்டை இருந்தால் மற்றதுகளையும் தின்றுவிடும். பெறாமகளின் சட்டை அப்படி ஃப்ரீசரில் இருந்து வெளியே வந்த அன்றே அவளுக்கு ஊசியில் நூல் கோத்து முழங்கையில் நூலோடக் காட்டிக் கொடுத்தேன். இடது முழங்கையில் கொஞ்சம் வேறு சாம்பல் தெரிகிறது. ஓர் உருண்டை நூல் மிச்சம், அது சட்டையின் உள்ளே சுருட்டி வைத்தபடி இருக்கிறது. சட்டை யாரிடம் போனாலும் அதுவும் கூடப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.