மைன்கிராஃப்ட் லேக் ஆகிறதா? எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பும் முன் இதைப் பாருங்கள்

பெங்களூரில் அல்சூர் பக்கம் நம் பிள்ளைகள் நிறையப் பேர் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில்தான் கேம் ஆடுகிறார்கள். மைன்கிராஃப்ட் லேக் ஆனதும் (திக்கித் திக்கி ஓடினதும்), "கட்டம் கட்டமா இருக்கிற கேமே ஓடலையே, லேப்டாப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். எந்தப் பாகம் திணறுகிறது என்று தெரியாமல் காசு செலவழிக்கவே கூடாது.

முதலில் சார்ஜரைச் செருகுங்கள்; பேட்டரியில் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜாவா எடிஷனில் வீடியோ செட்டிங்ஸ் போய் வி-சிங்கை (கேமைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் வசதி) அணைத்துவிட்டு, எஃப்3 தட்டுங்கள் (சில லேப்டாப்பில் எஃப்என் சேர்த்து). இடது மூலையில் எஃப்பிஎஸ் தெரியும்; விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வரைகிறது என்ற எண் அது. 60 வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடிதான்.

இப்போது கேம் விண்டோவைப் பாதியாகச் சுருக்குங்கள். எண் சட்டென்று ஏறினால், திணறுவது கிராஃபிக்ஸ். 1920-க்கு 1080 திரையில் 20 லட்சத்துக்கும் மேல் பிக்சல்கள். தண்ணீர், கண்ணாடி, மேகம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்போது அதே பிக்சலுக்குத் திரும்பத் திரும்ப வண்ணம் பூச வேண்டியிருக்கிறது. பனிமூட்டமும் அடுக்கடுக்கான பின்னணியும் உள்ள 2டி கேம்கள் இழுப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ரெசல்யூஷனைக் குறைத்தால் தீரும்.

சுருக்கியும் எண் நகரவில்லையா? சுமை பிராசஸர் மேல். ரெண்டர் டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் வரை உலகத்தைக் காட்ட வேண்டும் என்பது) 16 என்றால் உங்களைச் சுற்றி 33-க்கு 33, ஆக 1,089 சங்க் (உலகத்தைப் பிரித்த துண்டுகள்). 8 வைத்தால் 289 மட்டுமே. அதோடு, விளையாட்டின் முக்கியமான கணக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே திரெட்டில் (பிராசஸர் வரிசையாகச் செய்யும் ஒரு வேலைத்தொடர்) நடக்கிறது. அதனால் நான்கு திரெட் பிராசஸரில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் பிராசஸர் சுமை 30 சதவீதம் என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். அந்த ஒரு திரெட் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். ரேம் மாட்டும் ஸ்லாட் இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறதா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் வரைவதற்கும் அதே ரேம்தான். ஒத்த இரண்டாவது ரேம் போட்டால் தரவு போய்வரும் பாதை ஏறக்குறைய இரட்டிப்பாகும். செலவு செய்வதென்றால் என் முதல் ஓட்டு இதற்குத்தான். கடையில் உங்கள் ரேமின் வகை டிடிஆர்3-ஆ, டிடிஆர்4-ஆ என்று சொல்லிக் கேளுங்கள். அங்கேயே மாட்டி, லேப்டாப் ஆன் ஆகி, மெமரி பக்கத்தில் இரண்டு ஸ்லாட்டும் தெரிந்த பிறகே பணம் கொடுங்கள்.