ஊட்டி உயரத்தில் பம்ப் சக்‌ஷன் சோதனை: ஹைட்ரஜன் டர்போபம்புக்கான முதல் பாடம்

திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் கொதிக்கும். ராக்கெட் தொட்டியிலும் அது கொதிநிலையை ஒட்டியே இருப்பதால், அதை இன்ஜினுக்குத் தள்ளும் டர்போபம்பின் (டர்பைன் சுழற்றும் பம்ப்) வாயில் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் குமிழி கிளம்பிவிடும். இதுதான் கேவிட்டேஷன். ஹைட்ரஜனை வைத்தே ஓட்டிப் பார்க்க மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் போன்ற இடம் வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு வெளியே முயலவே கூடாது. ஆனால் சக்‌ஷன் எனும் உறிஞ்சும் பக்கத்தை முதலில் தண்ணீரில் சோதிப்பது ராக்கெட் துறையிலும் உள்ள வழக்கம். அதை ஊட்டி லேபில் 1 எச்பி மோனோபிளாக் தண்ணீர் பம்பிலேயே செய்யலாம்.

சக்‌ஷனில் கண்ணாடி போன்ற ஹோஸ், வாக்குவம் கேஜ், பம்பிலிருந்து அரை மீட்டராவது தள்ளி ஒரு கேட் வால்வு. டெலிவரியில் பிரஷர் கேஜும் இன்னொரு வால்வும். குளிர்ந்த தண்ணீரில் கரைந்த காற்று அதிகம். பத்து நிமிடம் சுழலவிட்டு அதை வெளியேற்றுங்கள்.

சக்‌ஷன் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். ஒவ்வொரு முறையும் டெலிவரி வால்வைத் திருப்பி, நொடிக்கு 1 லிட்டர் ஓட்டத்தை வாளியும் ஸ்டாப்வாட்சும் வைத்து நிலைநிறுத்துங்கள். மொத்த ஹெட் (பம்ப் ஏற்றிக்கொடுக்கும் அழுத்தம்) 3 சதவீதம் விழும் இடமே கேவிட்டேஷன் எல்லை. டெலிவரி கேஜை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். சக்‌ஷனை மூடினாலே அந்த முள் இறங்கும். இரண்டு கேஜின் வித்தியாசம்தான் கணக்கு.

அதிகம் பேர் தவறுவது அடுத்த படியில்: அந்த எல்லையில் பம்பின் வாயில் கொதிநிலைக்கு மேல் எவ்வளவு அழுத்தம் மிஞ்சியது என்ற கணக்கில். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல். பாடப்புத்தகத்தின் 101 இங்கே செல்லாது. வாக்குவம் கேஜ் மைனஸ் 40 கிலோபாஸ்கல் காட்டினால் 77-இலிருந்து 40 போக 37. 15 டிகிரி தண்ணீரின் ஆவியழுத்தம் 1.7 போக 35.3, அதாவது தண்ணீர் உயரமாகச் சொன்னால் 3.6 மீட்டர். 25 மில்லிமீட்டர் குழாய் என்றால் வேகத்துக்காக 0.2 மீட்டர் கூட்டுங்கள். 101 போட்டால் விடை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் தப்பும். நல்ல பம்பைக் குறை சொல்லிவிடுவீர்கள்.

ஹோஸில் ஓயாமல் வரும் குமிழி டெலிவரியிலும் தெரிந்தால் அது காற்றுக் கசிவு; கிளாம்பை இறுக்குங்கள். கேவிட்டேஷன் குமிழி பம்பின் சுழலும் சக்கரமான இம்பெல்லருக்குள்ளேயே உடையும். ஸ்க்ரூடிரைவரை கேசிங்கில் வைத்துக் காதில் ஒட்டினால் ஜல்லி உருளும் சத்தம் கேட்கும்.

ஹைட்ரஜன் ஆவியாகும்போது பக்கத்துத் திரவத்தையே குளிர்வித்து ஆவியழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரில் தேறிய இம்பெல்லர் ஹைட்ரஜனில் இன்னும் நன்றாகவே ஓடும். கடுங்குளிரில் உலோகம் சுருங்கி இடைவெளி மாறுவதை மட்டும் தண்ணீர் காட்டாது. 2010 ஏப்ரலில் இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட்டின் எரிபொருள் பூஸ்டர் டர்போபம்ப் 34,800 ஆர்பிஎம் தொட்டபின் நின்றுபோனது. சீல் இறுகி ரோட்டர் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்தச் சோதனைக்குக் குளிர்திரவமே வேண்டும்.