கேரவனில் தண்ணீர் வரவில்லையா? பம்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி பைபாஸை ஒட்டி இருக்கும் எங்கள் பட்டறைக்குத் தண்ணீர்ப் பிரச்சினையோடு வரும் கேரவன்களில் பாதிக்கு மேல் "பம்ப் போயிடுச்சு" என்ற ஒரே வார்த்தையோடுதான் வரும். சிலர் புது பம்பைக் கையோடு வாங்கி வந்துவிடுவார்கள். கழற்றிச் சோதித்தால் பழைய பம்பில் ஒரு குறையும் இருக்காது. வீணாகும் அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன மாம்பழ சீசனில் ஒரு குடும்பம் சேலம் பக்கமிருந்து தொப்பூர் ஏறி, தர்மபுரி தாண்டி வந்தது. வேனை வீடாக மாற்றியவர்கள். பின்பக்கம் சின்ன சமையல் மேடை, ஷவர், கட்டிலுக்கு அடியில் 120 லிட்டர் டேங்க். பெரியவர் இறங்கி வந்தார். "தம்பி, மோட்டார் ஓடுது, தண்ணி மட்டும் வரல. புதுசு வாங்கிட்டேன், மாட்டிக் குடுத்துடுங்க" என்றார். "முதல்ல ஸ்விட்சைப் போடுங்க ஐயா, சத்தத்தைக் கேப்போம்" என்றேன்.

பம்ப் ஓடியது, ஆனால் லேசான, வறண்ட 'ர்ர்ர்' சத்தம். தண்ணீரைத் தூக்கும் பம்புக்கு அந்தச் சத்தம் வராது, சுமை ஏறினால் குரல் கனமாகும். பம்புக்கு முன்னால் இருந்த ஜல்லடைக் கிண்ணத்தில் டார்ச் அடித்தேன். உள்ளே சிறு சிறு குமிழிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. மூடியைத் திறந்தபோது ரப்பர் வளையத்தில், அதாவது ஓ-ரிங்கில், ஒரே ஒரு மணல் துகள். முந்தின நாள் அவரே ஜல்லடையைக் கழுவி மூடியிருக்கிறார், அப்போது ஒட்டிக்கொண்டது. துடைத்து, ஈரப்படுத்தி, கையாலேயே இறுக்கினேன். அரை நிமிடம் போல ஓடியிருக்கும், சத்தம் கனத்தது, குழாயில் தண்ணீர் வந்தது. புது பம்பை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

ஒழுகினால்தான் கசிவு என்று நினைப்பது

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். பம்பிலிருந்து குழாய், ஷவர், கீசர் வரைக்கும் அழுத்தப் பக்கம். அழுத்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தரை நனையும், கண்ணில் படும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். எங்கள் பேச்சில் "ஏர் இழுக்குது" என்போம். எல்லா இணைப்பும் காய்ந்து கிடக்கும், பம்பும் ஓடும், தண்ணீர் வராது. பார்ப்பவர் பம்பின் மேல்தான் பழியைப் போடுவார்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. டேங்க் வால்வை மூடுங்கள். பம்பின் உறிஞ்சும் வாயில் இருக்கும் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஒரு மூன்றடி ஹோஸை மாட்டி, மறுமுனையை ஒரு பக்கெட் தண்ணீரில் விடுங்கள். சமையல் மேடைக் குழாயைத் திறந்து வைத்துப் பம்பைப் போடுங்கள். தண்ணீர் வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் இடையில்: ஜல்லடை மூடி, ஹோஸ் கிளிப், டேங்க் வாய், அல்லது ஹோஸே. வராவிட்டால் மட்டுமே பம்பைச் சந்தேகப்படுங்கள்.

ஹோஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "காலைல நல்லா வருதுங்க, மத்தியானம் ஆனா நின்னுடுது" என்று ஏப்ரல், மே மாதங்களில் யாராவது வந்து சொல்வார்கள். பெரும்பாலும் உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் போட்டிருப்பார்கள். வெயிலில் அது இளகிவிடும். பம்ப் இழுக்கும்போது இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு சப்பையாகிவிடும். சாயங்காலம் சூடு தணிந்ததும் பழையபடி வேலை செய்யும், அதனால் யாருக்கும் காரணம் புரியாது. அந்த இடத்தில் நூல் பின்னல் உள்ள, குடிநீருக்கு ஏற்ற தரமான ஹோஸ்தான் போட வேண்டும். ஒளி ஊடுருவும் டியூபில் பாசியும் பிடிக்கும் என்பதால் வெளிச்சம் படும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

"ஜல்லடை அடிக்கடி அடைக்குது, எடுத்துப் போட்டுட்டேன்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அந்த மணல் அடுத்துப் போய் உட்காரும் இடம் பம்பின் உள் வால்வு. கழுவ ஐந்து நிமிடம் ஆகும் வேலைக்கு ஒரு பம்பை விலையாகக் கொடுக்க வேண்டுமா? இதே காரணத்துக்காகப் பம்பின் வாயில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பெரும்பாலான கேரவன் பம்புகளின் வாயில் ஓ-ரிங்தான் அடைப்பு. டேப்பின் பிசிறு உள்ளே போனால் வால்வில் சிக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் மரை வெடிக்கும்.

குழாய்களை மூடிய பிறகும் பம்ப் விட்டு விட்டு ஓடினால்

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு இது நன்றாகக் கேட்கும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பம்ப் 'டக்' என்று ஓடி நிற்கும். அழுத்தம் எங்கோ இறங்குகிறது என்பதற்கு அடையாளம் அது. அழுத்தம் இறங்கினால் பம்பை ஓட்டி, ஏறினால் நிறுத்துவது பம்பில் இருக்கும் பிரஷர் ஸ்விட்ச். உடனே அதன் திருகைத் திருப்பிச் 'சரிசெய்ய' முயல்வது பெரிய தவறு. கசிவு அப்படியே இருக்கும், திருகும் கலைந்துவிடும். ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த செய்தித்தாளைச் சுற்றி வையுங்கள். கீசர் இணைப்பையும் கழிவறை வால்வையும் விட்டுவிடாதீர்கள். காலையில் எந்தக் காகிதம் நனைந்திருக்கிறதோ, அங்கேதான் கசிவு. எதுவுமே நனையவில்லை என்றால், பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் டேங்குக்கே திரும்பிப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் முழு பம்பை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே உப்புத் துணுக்கோ மணலோ உட்கார்ந்திருக்கும், சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகும்.

குழாயைக் கொஞ்சமாகத் திறக்கும்போது மட்டும் பம்ப் துடித்துத் துடித்து ஓடினால் அது வேறு சங்கதி. சின்ன பிரஷர் டேங்க், அதாவது உள்ளே காற்று அடைத்து அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் டேங்க், இருந்தால் அதன் காற்றைப் பாருங்கள். அளக்கும் முன் பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து, தண்ணீர் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்ற வேண்டும். பலர் இதைச் செய்யாமல் மீட்டரை வைத்து, தண்ணீர் தரும் அழுத்தத்தைக் காற்றின் அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பம்ப் சத்தமே இல்லையென்றால் அது மின்சாரக் கணக்கு: பியூஸ், ஸ்விட்ச், எர்த் (வண்டியின் இரும்பு உடம்போடு சேரும் வயர்). பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடாதீர்கள். வயர் எரியாமல் இருக்கத்தான் பியூஸ், அதை ஏமாற்றினால் மரமும் மெத்தையும் நிறைந்த வண்டியில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பம்ப் மெதுவாக ஓடினால் மல்டிமீட்டரை பேட்டரியில் வைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் முனையில் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும், பம்பில் 10 தான் வரும். நடுவில் மெல்லிய வயரோ துருப்பிடித்த எர்த்தோ இரண்டரை வோல்ட்டைத் தின்றிருக்கும்.

நம் ஊர்த் தண்ணீரைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

இணையத்தில் கிடைக்கும் கேரவன் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எடுத்தவை. குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க மருந்து ஊற்றச் சொல்வார்கள். ஓசூருக்கும் பென்னாகரத்துக்கும் அந்தக் கவலை கிடையாது. நமக்கு இருப்பது உப்புத் தண்ணீர்.

போர் தண்ணீரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால், ஷவரிலும் குழாய் முனை ஜல்லடையிலும் வெள்ளைப் படிவு கட்டும். "பிரஷர் இல்ல" என்று வரும் வண்டிகளில் நான் முதலில் கழற்றுவது அந்தக் குழாய் முனையைத்தான். வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். டேங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் சென்சார் கம்பியிலும் இதே படிவு ஏறும். ஈரம் கோத்த அந்தப் படிவு வழியாக மின்சாரம் பாய்ந்து, காலி டேங்கைக்கூட 'நிறைந்தது' என்று காட்டும். பம்ப் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும், நீங்கள் டேங்கைச் சந்தேகப்படவே மாட்டீர்கள். சென்சார் காட்டுவதை மட்டும் நம்பாமல் டேங்க் மூடியைத் திறந்து ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இன்னும் முக்கியமானது ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் அது அதிகம். காவி படிந்த பற்களை நம் கிராமங்களில் பார்க்காதவர் யார்? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான், 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தியத் தரக் குறிப்பின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. "கொதிக்க வெச்சுதாங்க குடிக்கிறோம்" என்று சொல்பவர்களிடம் நான் கையைப் பிடித்துச் சொல்வேன்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாவதால் மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். சாதாரணக் கரி ஃபில்டரும் அதை நம்பத் தகுந்த அளவு பிடிக்காது. வழியில் பெட்ரோல் பங்கிலோ தோட்டத்திலோ போர் தண்ணீர் நிரப்பினால் அதைக் குளிக்க, பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் தனியாக ஒரு 20 லிட்டர் கேன். குழந்தைகள் இருக்கும் வண்டியில் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

டேங்கைச் சுத்தம் செய்வதில் கண் அளவு

"கொஞ்சம் பிளீச்சிங் போட்டேன்" என்பார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? 5 சதவீத திரவ பிளீச் என்றால், 100 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. அது லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் தரும். வாசனை சேர்க்காத பிளீச்சாக இருக்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசம் வரும் வரை திறந்து மூடி, நான்கு மணி நேரம் அப்படியே விட்டு, வாசம் போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். குழாய்களைத் திறக்காமல் டேங்கை மட்டும் கழுவினால், நாற்றம் ஹோஸுக்குள்ளேயே தங்கிவிடும்.

உப்பு நீக்கும் வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய வண்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றை முடித்து, நன்றாக அலசி, மறுநாள் அடுத்ததைச் செய்யுங்கள்.

டேங்கின் காற்றுக் குழாயைப் பெரும்பாலோர் மறந்தே போகிறார்கள். தண்ணீர் வெளியே போகும்போது அந்த வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். அடைத்துக்கொண்டால் டேங்க் சுவர் உள்வாங்கும், பம்ப் திணறும். நிரப்பும்போதோ தண்ணீர் முகத்தில் திரும்பி அடிக்கும். ஒருமுறை ஒரு வண்டியில் அந்தக் குழாயின் வாயை முழுவதும் அடைத்திருந்தது குளவிக் கூடு. மூன்று மாதம் மாந்தோப்பு நிழலில் நின்ற வண்டி அது. ஒரு குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்ததும் டேங்க் 'ஹப்' என்று மூச்சு விட்டது. மெல்லிய துருப்பிடிக்காத கம்பி வலை ஒன்றைக் கட்டிவிட்டால் மறுபடி வராது.

வீட்டுக்குப் போடுவதுபோல வண்டி முழுக்க விறைப்பான பிளாஸ்டிக் பைப் போட்டு ஒட்டுவதும் வேண்டாம். தொப்பூர் வளைவுகளிலும் கிராமத்துச் சாலைகளிலும் வண்டி குலுங்கும் குலுக்கலில் ஒட்டிய மூட்டுகள் விரிசல் விடும். குறைந்தது பம்பின் இரண்டு பக்கமும் ஓர் அடி வளையும் ஹோஸ் இருக்கட்டும், பம்பின் அதிர்வு பைப்புக்குப் போகாது.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், டேங்கைக் காலி செய்து, கீசர் ஆறிய பிறகு அதன் தண்ணீரையும் வடித்து, எல்லாக் குழாயையும் திறந்தே விட்டுவிடுங்கள். டூல் பெட்டியில் ஜல்லடை மூடிக்கு ஏற்ற இரண்டு ஓ-ரிங், நான்கு ஹோஸ் கிளிப், சரியான ஆம்பியர் பியூஸ், பக்கெட் சோதனைக்கு அந்த மூன்றடி ஹோஸ். இவ்வளவும் சேர்த்து ஒரு சின்ன டிபன் டப்பாவுக்குள் அடங்கிவிடும், ஹோஸைத் தவிர. அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில், டேங்க் பக்கத்திலேயே போட்டு வையுங்கள்.